தபால் பை போன வழியே நடந்தால்: சிங்கப்பூரின் ஃபுல்லர்ட்டன் கட்டடம்

கேள்வி இதுதான்: "சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் ஒரு காலத்தில் தலைமைத் தபால் நிலையமாக இருந்ததாமே. வெளியே பெரிய பெரிய தூண்கள், உள்ளே ஐந்து நட்சத்திர ஹோட்டல். இப்போது போனால் கட்டடக்கலை மரபு என்று பார்க்க அதில் என்ன இருக்கிறது?"

நிறைய இருக்கிறது. ஆனால் தூண்களிலிருந்து பார்க்க ஆரம்பித்தால் அது கண்ணில் படாது. ஒரு தபால் பை அந்தக் கட்டடத்துக்குள் எந்த வழியாக வந்தது, எங்கே பிரிக்கப்பட்டது, எங்கிருந்து வெளியே போனது என்று பார்த்தால்தான் அந்தக் கட்டடம் ஏன் அங்கே, அந்த அளவில், அந்த வடிவில் எழுந்தது என்பது புரியும். தூண்களுக்கு அப்புறம் வருவோம். முதலில் தரைக்குக் கீழே போவோம்.

இன்று ஃபுல்லர்ட்டனுக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் மெர்லயன் சிலை இருக்கிறது. அதற்கு அப்பால் மரினா பே. அலையே இல்லாத நீர்ப்பரப்பு, சுற்றிலும் கட்டடங்கள். 2008-இல் மரினா அணை திறந்தபின் அது நன்னீர்த் தேக்கமாகவே மாறிவிட்டது. ஆனால் கட்டடம் திறக்கப்பட்ட 1928-இல் அங்கே இருந்தது திறந்த கடல். சாலையைத் தாண்டினால் துறைமுகம். கப்பல்கள் கொஞ்ச தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் தபாலும் படகில் ஏறித்தான் கரைக்கு வரவேண்டும். வெளிநாட்டுத் தபால் பெரும்பாலும் கப்பலில் போன காலம் அது. லண்டன் கடிதமானாலும் நாகப்பட்டினத்துக் கடிதமானாலும் கடல்வழியாகத்தான் வரும்.

அதனால் தலைமைத் தபால் நிலையத்தைக் கடலோடு ஒட்டியே வைத்தார்கள். அதோடு நிற்கவில்லை. ஃபுல்லர்ட்டன் சாலைக்கு அடியில் சுமார் 35 மீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கப்பாதை அமைத்து, கட்டடத்தையும் படகுத்துறையையும் இணைத்தார்கள். படகில் வந்து இறங்கும் தபால் பைகள் மழையில் நனையாமல், சாலையில் வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளாமல் கட்டடத்துக்குள் வந்துவிடும். கீழ்த்தளங்களில் பிரித்து அடுக்கும் கூடங்கள். மக்கள் வந்து நிற்கும் தபால் கூடமும் அங்கேயே. வெளியூர் போகும் தபால் அதே வழியில் திரும்பிப் படகுக்குப் போகும். என் கணக்கில் இந்தக் கட்டடத்தின் மிகச் சிறந்த கட்டடக்கலை யோசனை அந்தச் சுரங்கம்தான். எந்தப் புகைப்படத்திலும் விழாத, எந்த அலங்காரமும் இல்லாத ஒரு வழி. ஆனால் கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த வேலை நடந்தது அதில்தான்.

அடுத்து கவுண்டர். தபால் கூடத்தில் மக்களுக்கான கவுண்டர் ஏறக்குறைய 300 அடி நீளம் இருந்தது. கிட்டத்தட்ட 90 மீட்டர். ஓட்டப்பந்தயத் தடம் மாதிரி ஒரு கவுண்டரை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தபால்தலை, இன்னொரு பக்கம் பதிவுத் தபால், இன்னொரு பக்கம் மணியார்டர். ஒரு துறைமுக நகரம் எத்தனை ஊர்களோடு பேசிக்கொண்டிருந்தது என்பதை அந்த நீளம் சொல்கிறது. கடிதம் போடுகிறவர் வங்கி அதிகாரியாக இருந்தாலும் தோட்டக்கூலியாக இருந்தாலும் அதே கூரையின்கீழ்தான் நிற்க வேண்டும்.

இங்கே நம்மவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஃபுல்லர்ட்டனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸைக் கடந்து சில நிமிடம் நடந்தால் மார்க்கெட் ஸ்ட்ரீட். நகரத்தார்களின் கிட்டங்கிகள் அங்கேதான் இருந்தன. ஒரு நீண்ட கூடத்தில் வரிசையாகக் கணக்குப் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் ஒரு வட்டிக்கடை. அவர்களுடைய தொழிலே கடிதத்தை நம்பி ஓடியது. பர்மா, மலாயா, இலங்கை, செட்டிநாடு என்று கடலின் நாலு பக்கமும் கணக்கு விரிந்திருந்தது. அந்தப் பக்கத்திலேயே சூலியா ஸ்ட்ரீட் இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களின் பெயர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூர் ஆற்றில் சரக்குப் படகோட்டியவர்களில் பெரும்பாலானோர் அவர்கள்தான். 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ரஜூலா கப்பலைப் பற்றி இன்றும் பேசும் குடும்பங்கள் உண்டு. பயணம் கப்பலில், பணமும் பேச்சும் தபாலில் என்றிருந்த தலைமுறைக்கு அந்தத் தபால் கூடம்தான் ஊர்.

இன்னொரு விஷயம், கட்டடத்துக்கு வெளியே தீவு முழுக்கப் பரவியிருந்தது. சிங்கப்பூரில் சாலைத் தூரத்தைத் தலைமைத் தபால் நிலையத்திலிருந்துதான் அளந்தார்கள். மைல் கல் எல்லாம் அங்கிருந்து எண்ணப்பட்டது. மலாய்க்காரர்கள் 'பத்து' என்பார்கள், கல் என்று பொருள். தமிழர்கள் 'கட்டை' என்றார்கள். ஏழாம் கட்டை, பத்தாம் கட்டை என்று இடத்தைச் சொன்னால், தெரிந்தோ தெரியாமலோ தபால் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீட்டு முகவரிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்ட கட்டடம் வேறு எது இருக்கிறது?

சரி, இடத்தின் கதைக்கு வருவோம். கட்டடத்தைவிட இந்த இடம் பழையது.

ஆற்றின் வாயில் பாறை நிறைந்த ஒரு முனை இருந்தது. அங்கே சுமார் பத்தடி உயரமும் பத்தடி அகலமும் கொண்ட மணற்பாறை ஒன்று இருந்தது. அதில் ஐம்பது வரிபோல ஒரு கல்வெட்டு. சிங்கப்பூர்க் கல் என்று அதைச் சொல்கிறார்கள். 1843-இல் ஆற்று வாயை அகலப்படுத்தவும், அங்கே ஏற்கெனவே இருந்த கோட்டைக்கும் அதன் தளபதியின் குடியிருப்புக்கும் கூடுதல் இடம் பண்ணவும் அந்தப் பாறையை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். சில துண்டுகள்தான் தப்பின. அதில் ஒன்று இப்போது சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுத்து முழுவதாக இன்னும் படிக்கப்படவில்லை. பழைய ஜாவா மொழி என்றும் சமஸ்கிருதம் என்றும் கருத்துகள் உண்டு. அண்மைக் காலத்தில் ஓர் ஆய்வாளர் மிஞ்சிய துண்டில் 'கேசரிவ' என்று படிக்கலாம், அது 'பரகேசரிவர்மன்' என்ற சோழப் பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்று முன்வைத்தார். ஊகம்தான், முடிவு இல்லை. நம் ஆட்கள் சிலர் இதைக் கேட்டவுடனே சிங்கப்பூரை சோழர் கட்டியதாகவே எழுதிவிடுகிறார்கள். அவ்வளவு தூரம் போக அந்தத் துண்டில் எழுத்து போதாது. ஆனால் ஒன்று எனக்கு உறுதி. ஒரு கோட்டைக்காக ஒரு கல்வெட்டை வெடிவைத்ததுதான் இந்த இடத்தில் நடந்த மிகப் பெரிய மரபு இழப்பு. ஃபுல்லர்ட்டனைப் பற்றி எழுதும் யாரும் அதைத் தாண்டிப் போகக்கூடாது.

அந்தக் கோட்டைதான் ஃபுல்லர்ட்டன் கோட்டை. 1829-இல் கட்டியது. ராபர்ட் ஃபுல்லர்ட்டன் என்பவர் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களின் முதல் ஆளுநர். அதற்கு முன் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஆட்சிப் பணியில் நெடுங்காலம் இருந்தவர். கோட்டையை அப்புறம் விரிவாக்கினார்கள். வணிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. எதிரி சுட்டால் குண்டு தங்கள் கிடங்கின்மீதுதான் விழும் என்று பயந்தார்கள். கடைசியில் 1873-இல் இடித்தார்கள். அந்த இடத்தில் தபால் நிலையமும், வணிகர்கள் கூடும் எக்ஸ்சேஞ்சும், சிங்கப்பூர் கிளப்பும் வந்தன. அதாவது 1928-இல் புதிய கட்டடத்துக்குள் குடிபுகுந்தவர்கள் பலரும் ஏற்கெனவே அந்த மனையில் இருந்தவர்கள்தான்.

புதிய கட்டடத்துக்கான திட்டம் 1919-இல், சிங்கப்பூர் ஆங்கிலேயக் குடியேற்றமாகி நூறு ஆண்டு நிறைந்தபோது பிறந்தது. பணம் போதாமல் தள்ளிப்போய் 1924 பிப்ரவரியில்தான் வேலை தொடங்கியது. வடிவமைப்புக்குப் போட்டி வைத்தார்கள்; வென்றது கீஸ் அண்ட் டௌட்ஸ்வெல் நிறுவனம். ஷாங்காயில் வேர் உள்ள நிறுவனம் அது. சிங்கப்பூரில் கேப்பிட்டல் திரையரங்கும் அவர்கள் வடிவமைத்ததுதான். செலவு சுமார் 41 லட்சம் டாலர், அன்றைய நீரிணைக் குடியேற்ற நாணயத்தில். 1928 ஜூன் 27-ஆம் தேதி ஆளுநர் ஹியூ கிளிஃபர்ட் திறந்துவைத்தார். முதல் ஆளுநரின் பெயரை வைக்கலாம் என்று சொன்னவரும் அவர்தான். எதிரே 1933-இல் வந்த கிளிஃபர்ட் படகுத்துறை அவர் பெயரில்.

இனி தூண்கள்.

நல்ல வெயில் நேரத்தில், பக்கத்தில் ஆற்றைக் கடக்கும் கவெனா பாலத்தில் நின்று கட்டடத்தைப் பாருங்கள். மூன்று அடுக்காக அதைப் பிரிக்கலாம். கீழே கனமான அடித்தளம். பெரிய கல் பாளங்களை அடுக்கியது போலத் தெரிய ஆழமான கோடுகள் வெட்டியிருக்கும். நடுவே, ஒன்றுக்கு மேற்பட்ட தளங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உயரும் தூண்கள். மேலே கிடைமட்டமாக ஓடும் கனமான விளிம்பும் மேல் தளங்களும். சுவரின் மொத்த உயரம் சுமார் 36 மீட்டர். கிரேக்கக் கோவில்களிலிருந்து வந்த கணக்கு இது. தூண்கள் டோரிக் பாணி. கிரேக்கப் பாணிகளில் மிக எளிமையானதும் மிக உறுதியாகத் தெரிவதும் அதுதான். தூணின் உடலில் மேலிருந்து கீழாக வாய்க்கால் மாதிரி கோடுகள், உச்சியில் இலை, பூ எதுவுமில்லாத ஒரு தட்டு, அவ்வளவுதான். அரசாங்கம், நீதிமன்றம், கஜானா என்று நம்பிக்கையைக் காட்டவேண்டிய கட்டடங்களுக்கு அன்றைக்கு டோரிக்கைத்தான் எடுப்பார்கள். கடலிலிருந்து வருகிறவன் முதலில் பார்ப்பது இதுவாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. பேரரசு தன் பலத்தைக் காட்டக் கட்டியதுதான். அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. தலைவாசல் முகப்பின் உச்சியில் அரச முத்திரையும் வெற்றிச் சின்னங்களும் இருக்கின்றன. அவற்றைச் செய்தவர் ருடால்ஃபோ நோல்லி என்ற இத்தாலியக் கைவினைஞர். பழைய உச்ச நீதிமன்றத்தின் முகப்புச் சிற்பத்தோடும் அவர் பெயர் சேர்ந்திருக்கிறது. இரண்டும் நடந்து போகும் தூரம்; ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆனால் அந்தத் தூண்கள் வெறும் பகட்டு இல்லை. தூண் முன்னால் நிற்கிறது, சன்னல் சுவர் பின்னால் தள்ளி நிற்கிறது. நடுவில் நிழல். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், குளிர்சாதனம் வராத காலத்தில், எழுதும் மேசையின்மேல் நேர்வெயில் விழாமல் இருக்க இது எவ்வளவு உதவும் என்று யோசித்துப் பாருங்கள். திண்ணையும் தாழ்வாரமும் உள்ள நம் வீடுகள் செய்யும் அதே வேலையைக் கிரேக்க வேடம் போட்டுக்கொண்டு செய்கிறது. மனை ஒழுங்கான சதுரம் இல்லை. ஆறு ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், சதுக்கம் ஒரு பக்கம். அதனால் கட்டடத்துக்கு நாலு முகம் இல்லை, ஐந்து முகம். ஐந்திலும் டோரிக். பின்பக்கம் என்று சொல்ல ஒரு பக்கமும் கிடையாது. கட்டடக்காரர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு கடினம் என்று. எல்லாக் கட்டடத்துக்கும் குப்பை போகிற பக்கம் ஒன்று இருக்கும். இதற்கு அதை வெளியில் காட்டாமல் முடித்திருக்கிறார்கள். மூட்டை முடிச்செல்லாம் தரைக்கடியில் போய்விட்டதும் அதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பலபேர் இந்தச் சுவரைக் கருங்கல் என்று நினைக்கிறார்கள். எழுதியும் இருக்கிறார்கள். பக்கத்தில் போய் விரலால் தடவிப் பாருங்கள். பொடிப்பொடியாகக் கல் துணுக்கு தட்டுப்படும். அது ஷாங்காய்ப் பூச்சு. சிமெண்டோடு நுண்ணிய கல் துணுக்குகளைக் கலந்து மேல்பூச்சாகப் பூசுவார்கள். முழுதாக இறுகும் முன் மேல்படலத்தைத் தண்ணீரும் தூரிகையும் கொண்டு கழுவி எடுத்தால் கல் துணுக்குகள் வெளியே தெரியும். கல் பாளம் மாதிரித் தெரியக் கோடு வெட்டிவிட்டால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. 1920-களிலிருந்து சில பத்தாண்டுகள் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இது பெரும் வழக்கம். கல்லைவிட மலிவு, எடை குறைவு, வண்ணம் அடிக்க வேண்டாம், மழைக்குத் தாங்கும். போலிக் கல் என்று சிலர் இதை மட்டமாகப் பேசுவார்கள். எனக்கு அது சம்மதமில்லை. கையால் கழுவி எடுக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் முந்தினால் துணுக்கு உதிரும், பிந்தினால் சிமெண்டு இறுகிவிடும். அந்த நேரத்தைப் பிடிப்பது ஒரு கொத்தனாரின் கைப்பழக்கம். எந்தப் புத்தகத்திலும் அது முழுதாக இல்லை.

பழுதுபார்க்கும்போதுதான் இதன் மதிப்பு தெரியும். ஓர் இடத்தில் விரிசல் விட்டால் சாதாரணச் சிமெண்டை அப்பி மூடக்கூடாது. அது எப்போதும் தழும்பாகவே நிற்கும். பழைய பூச்சில் எந்த அளவுத் துணுக்கு, என்ன நிறம், எவ்வளவு நெருக்கம் என்று பார்த்து, சிறு மாதிரிகள் செய்து காயவைத்து, வெயிலில் ஒப்பிட்டுப் பார்த்தபின்தான் கை வைக்கவேண்டும். மேலே வண்ணம் அடிப்பது அதைவிட மோசம். பூச்சின் துளை அடைந்து ஈரம் உள்ளே தங்கும், துணுக்கின் மினுக்கும் போய்விடும். நம் ஊர்களிலும் ஐம்பதுகளுக்கு முந்தைய வீடுகளில் சிறு கல் தெரியும் பூச்சு சில இடங்களில் இருக்கிறது. சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடிக்கும் முன் ஒரு தடவை தடவிப் பாருங்கள்.

மேல் தளங்களில் வேறு உலகம். எக்ஸ்சேஞ்ச், துறைமுகத் துறை, இறக்குமதி ஏற்றுமதித் துறை எல்லாம் கட்டடத்தில் இருந்தன. அவற்றுக்கும் மேலே சிங்கப்பூர் கிளப். ஐரோப்பிய வணிகர்களுக்கான கிளப் அது. உணவுக்கூடம், புகைபிடிக்கும் அறை, உறுப்பினர்கள் தங்க அறைகள். கீழே கூலிக்காரரும் கணக்கப்பிள்ளையும் வரிசையில் நிற்க, மேலே அவர்களுக்கு நுழைவே இல்லாத ஒரு கிளப். ஒரே கட்டடத்தின் குறுக்குவெட்டில் அன்றைய சமூகம் முழுவதும் அடுக்கடுக்காக இருந்தது. கிளப்பின் பெரிய கூடம் இன்றும் இருக்கிறது. வளைந்து கட்டம் கட்டமாகச் செதுக்கிய அதன் மேற்கூரையைப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். 1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படை நகரை நெருங்கியபோது ஆளுநர் ஷென்டன் தாமஸும் மனைவியும் ஆளுநர் மாளிகையை விட்டு இந்தக் கிளப்பில்தான் தஞ்சம் புகுந்தார்கள். காயம்பட்டவர்களுக்கு அவசரகால மருத்துவமனையாகவும் கட்டடம் இருந்தது. சரணடைவது பற்றி ஆளுநரும் பிரிட்டிஷ் படைத் தளபதி பெர்சிவலும் இங்கே பேசினார்கள். பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. அதன்பின் ஜப்பானிய இராணுவ நிர்வாகம் இங்கேயே தலைமையகம் வைத்தது. யார் ஆண்டாலும் உட்கார்ந்த இடம் இதுதான்.

இதன் தலையில் ஒரு கலங்கரை விளக்கமும் இருந்தது என்றால் பலர் நம்பமாட்டார்கள். ஃபோர்ட் கானிங் குன்றில் இருந்த பழைய விளக்கத்துக்குப் பதிலாக 1958-இல் ஃபுல்லர்ட்டனின் மொட்டை மாடியில் விளக்கு வைத்தார்கள். அதன் ஒளி சுமார் 30 கிலோமீட்டர் தூரம் தெரிந்தது. இருபது வருடம்தான். சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள் எழுந்து வெளிச்சத்தை மறைத்துவிட்டன. கடற்கரை முன்பு போலப் பக்கத்திலும் இல்லை. 1970-களின் கடைசியில் விளக்கை அணைத்தார்கள். அந்த வேலையை எடுத்துக்கொண்டது கிழக்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் உச்சியில் வைத்த பிடோக் விளக்கம். பழைய விளக்கைத் தூக்கி எறியவில்லை. ஹார்பர்ஃப்ரண்ட் பக்கம் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.

சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் நிதியமைச்சு, வரித்துறை எல்லாம் இங்கே இருந்தன. முன்னால் இருக்கும் ஃபுல்லர்ட்டன் சதுக்கத்தில் தேர்தல் காலத்தில் மதிய உணவு நேரக் கூட்டம் நடக்கும். லீ குவான் யூ பேசிய கூட்டங்கள் பெயர்பெற்றவை. அலுவலகத்திலிருந்து எழுந்துவந்து, மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு கேட்பார்களாம். 1995-இல் வரித்துறையும் 1996-இல் தபால் நிலையமும் வெளியேறின.

இப்போது கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். 1997-இல் ஹாங்காங்கின் சினோ லேண்ட் நிறுவனம் 11 கோடி சிங்கப்பூர் டாலருக்கு இதை வாங்கியது. 400 அறை ஹோட்டலாக மாற்றி, 2001 ஜனவரி 1-ஆம் தேதி அன்றைய பிரதமர் கோ சோக் டோங் திறந்துவைத்தார். 2015 டிசம்பரில் நாட்டின் 71-ஆவது தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கவனியுங்கள், ஹோட்டலாகி பதினைந்து வருடம் கழித்துத்தான் அந்தத் தகுதி கிடைத்தது. ஹோட்டலானதால் மரபு போய்விட்டது என்று அரசும் கருதவில்லை.

அந்த மாற்றத்தைப் பற்றி என் கருத்து கலவையானது. அரசு அலுவலகத்தை ஹோட்டலாக்குவதில் பெரிய சிக்கல் வெளிச்சம். அலுவலகத்துக்கு நடுவில் இருட்டு இருந்தாலும் பரவாயில்லை, தங்கும் அறைக்குச் சன்னல் வேண்டும். இவ்வளவு பருமனான கட்டடத்தில் வெளிச்சுவரை ஒட்டி மட்டும் அறை வைத்தால் நடுப்பகுதி வீணாகும். நடுவில் இருந்த திறந்த பகுதியைக் கண்ணாடிக் கூரை போட்ட பெரிய முற்றமாக்கி, அறைகளில் ஒரு பகுதியை உள்முகமாகத் திருப்பிவிட்டார்கள். வெளிச்சுவரில் கைவைக்காமல் கணக்கைத் தீர்த்த வழி அது. நம் செட்டிநாட்டு வீட்டின் வளவு தெரிந்தவருக்கு இது உடனே பிடிபடும்: வெளிச்சத்தை நடுவில் இறக்கு, அறைகளைச் சுற்றிலும் வை. வெளிமுகங்கள் ஐந்தும் தூண்களோடு முழுதாக நிற்கின்றன. இது சாதாரண வெற்றி இல்லை. நில விலை இவ்வளவு உள்ள இடத்தில், சுற்றிலும் ஐம்பது அறுபது மாடி எழுந்துவிட்ட பிறகும், இது தன் உயரத்திலேயே நிற்கிறது.

போனது என்ன? கவுண்டர் போய்விட்டது. அந்தத் தொண்ணூறு மீட்டர்தான் என் மனத்தில் இந்தக் கட்டடத்தின் நடு. அதன் இடத்தில் இப்போது பளிங்குத் தரையும் வரவேற்பு மேசையும். அதில் ஒரு பத்து மீட்டரையாவது இருந்த இடத்திலேயே நிறுத்தி வைத்திருக்கலாம். தபால் நிலையம் என்பதை உணர்த்தச் சிவப்புத் தபால் பெட்டிகளும் மரபுக் காட்சிக்கூடமும் இருக்கின்றன, நல்லதுதான். ஆனால் பெட்டியைப் பார்த்தால் தபால் போடும் நினைவு வரும். ஒரு மணி நேரம் வரிசையில் நின்ற நினைவு கவுண்டரைப் பார்த்தால்தான் வரும். இன்னொரு இழப்பு, யார் வேண்டுமானாலும் காரணமில்லாமல் உள்ளே நுழையலாம் என்ற உரிமை. சட்டப்படி இன்றும் யாரும் உங்களைத் தடுக்கமாட்டார்கள். ஆனால் நாலணா அட்டை வாங்கப் போகிறவனின் கால் இந்தப் பளிங்கில் தயங்கும். பழைய கட்டடத்துக்குப் புது வேலை கொடுப்பதில் எப்போதும் மறந்துபோகிற செலவு இது. கணக்குப் புத்தகத்தில் வராது.

இதற்கு மாற்று என்ன என்றும் கேட்கவேண்டும். கடிதம் குறைந்துவிட்டது, துறைமுகம் வேறு பக்கம் போய்விட்டது, கடலே தள்ளிப் போய்விட்டது. வேலை இல்லாத கட்டடம் வெப்பமண்டலத்தில் வேகமாகச் சாகும். ஒரு மழைக்காலம் கூரைநீர்க் குழாய் அடைத்தால் போதும். ஆள் புழங்குகிற, வருமானம் வருகிற, தினமும் துடைக்கிற ஹோட்டல் அதைக் காப்பாற்றியிருக்கிறது. சிட்னியிலும் பழைய தலைமைத் தபால் நிலையம் இன்று ஹோட்டல்தான்; 2019 முதல் அதன் பெயரும் ஃபுல்லர்ட்டன். தபால் நிலையங்களுக்கு ஹோட்டல் ஏன் பொருந்துகிறது என்றால், இரண்டுமே ஊரின் நடுவில், போக்குவரத்து வந்து சேரும் இடத்தில், பெரிய பொதுக்கூடத்தோடு இருக்கவேண்டியவை.

நேரில் போகிறீர்கள் என்றால் நான் சொல்லும் வரிசையில் போங்கள். அறை எடுக்கத் தேவையில்லை. முதலில் மெர்லயன் பக்கம் தண்ணீரை ஒட்டி நின்று திரும்பிக் கட்டடத்தைப் பாருங்கள்; படகில் வந்தவன் பார்த்த முகம் அதுதான். அங்கிருந்து சாலைக்கு அடியில் இருக்கும் நடைபாதை வழியாக ஹோட்டலுக்குள் வாருங்கள். தபால் பைகளும் இப்படித்தான் சாலைக்கு அடியில் வந்தன. முற்றத்தில் நின்று மேலே பாருங்கள். காட்சிக்கூடத்தைப் பார்த்துவிட்டு ஆற்றுப் பக்க வாசலில் வெளியே வந்து, சுவரை ஒரு தடவை தடவிப் பாருங்கள். ஆற்று முனையில் சிங்கப்பூர்க் கல் இருந்ததைச் சொல்லும் பலகையைத் தேடுங்கள். அதைப் பார்க்காமல் செல்ஃபி எடுத்துப் போகிறவர்களே அதிகம். பிறகு கவெனா பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போனால் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தின் பக்கத்தில் ஒரு வெண்கலச் சிற்பத் தொகுதி. அதில் ஒரு செட்டியார், வட்டிக்கடைத் தொழிலோடு. பின்னால் திரும்பினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஃபுல்லர்ட்டனின் தூண் வரிசை. அவர் கடிதம் போடப் போன கட்டடம் அது. மாலை ஐந்து மணிக்கு மேல் போங்கள். வெயில் மேற்கிலிருந்து சாய்வாக விழும்போது பூச்சில் இருக்கும் கல் துணுக்குகள் ஒவ்வொன்றாக மினுங்கும்.